செல்ஃப் அடிக்கும் முன் பிளக்கைக் கழற்றுகிறார்களா? வட சென்னையில் தண்ணீர் ஏறிய காருக்கான சர்வீஸ்கள், ஒரு மதிப்பீடு

மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதை வாயில் நின்றுபோன காரைச் சுற்றி நாலு பேர் கூடினால், மூன்று பேர் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: "ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்கண்ணே." நாலாவது ஆள், தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்பார். இரண்டுமே இன்ஜினுக்கு வைக்கும் கொள்ளி. வியாசர்பாடி, மூலக்கடை, எம்.கே.பி. நகர், தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கம் தண்ணீர் ஏறிய காருக்குக் கிடைக்கும் சேவைகளை இங்கே வகைவகையாக எடைபோடுகிறோம். கடைப் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஒரே கடையில் காலையில் இருக்கும் கை வேறு, மாலையில் இருக்கும் கை வேறு. பார்க்க வேண்டியது வேலை செய்யும் முறையைத்தான்.

அளவுகோலைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 1,197 சிசி நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 300 சிசி. சுருக்க விகிதம் 11 என்றால் (பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள இடம், உச்சியில் மிச்சமிருப்பதைப் போல் 11 மடங்கு), பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிச்சமிருப்பது 30 மில்லி இடம்தான்; இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. 1,248 சிசி டீசலில், விகிதம் 17 என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிகூட வராது. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் ஏற வழியில்லை. ஆனால் பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்க் சுற்றிக்கொண்டேயிருக்கும். இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு நடுவில் மாட்டி வளைகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிறுத்தி வைத்திருந்த காரில் செல்ஃப் அடித்து, 'டக்' என்று ஒரே சத்தத்தோடு நின்றுபோனால், ராடு தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தண்ணீரை உறிஞ்சி ஒரே அடியில் நின்றிருந்தால் சந்தேகம் அதிகம். ஆக, "ஓடும்போது நின்றதா, நின்ற பிறகு தண்ணீர் ஏறியதா, அதற்குப் பிறகு யாராவது சாவியைத் திருப்பினார்களா?" என்று முதலில் கேட்கும் மெக்கானிக்குக்குப் பாதி மதிப்பெண்ணை அங்கேயே போட்டுவிடலாம்.

தூக்கிக்கொண்டு வரும் வண்டியிலிருந்து ஆரம்பிப்போம். இன்ஷூரன்ஸோடு வரும் சாலையோர உதவி எண்ணில் காரை முழுதாக ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் லாரி வரும், ஆனால் பெருமழை நாளில் காத்திருப்பு நீளும். புளியந்தோப்பு, பட்டாளம் பக்கத்துச் சந்துகளில் அந்த வண்டி நுழையாது. காரை மெயின் ரோடு வரை கையால் தள்ளித்தான் கொண்டுவர வேண்டும். அப்போது கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கியரில் போட்டபடி தள்ளினால் சக்கரம் இன்ஜினைச் சுற்றும்; செல்ஃப் அடித்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. மணலி, மாதவரம் லாரி ஷெட்டுகளிலிருந்து வரும் ரெக்கவரி ஆட்கள் சீக்கிரம் வருகிறார்கள், கை பலமும் உண்டு. ஆனால் அவர்களுக்கு லாரிப் பழக்கம்: சங்கிலியை எடுத்து சஸ்பென்ஷன் ஆர்மில் மாட்டிவிடுவார்கள். ஜாக்கியோடு டிக்கியில் கிடக்கும் டோ கொக்கியை பம்பரில் திருகிக் கொடுத்து, துணி பெல்ட்டில் இழுக்கச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் நாலு சக்கரமும் தரையை விட்டு ஏற வேண்டும், பேச்சே இல்லை.

இப்போது தெரு மெக்கானிக் ஷெட். சின்ன பெட்ரோல் காருக்கு, தண்ணீர் ஏர் ஃபில்டரைத் தாண்டியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு, இதைவிட நல்ல இடம் இல்லை என்பது எங்கள் கருத்து. அன்றைக்கே ஸ்பார்க் பிளக் கழற்றப்பட்டு, சிலிண்டரிலிருந்து தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும் என்பதுதான் காரணம். நல்ல கை என்றால் வேலை இந்த வரிசையில் நடக்கும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை 10 மி.மீ. ஸ்பேனரில் எடுப்பார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறப்பார். பேப்பர் காய்ந்திருந்து, அதற்கு அப்பாலுள்ள குழாயைத் தடவிப் பார்த்தால் விரலில் ஈரம் இல்லையென்றால் பாதிக் கவலை போச்சு. பிறகு டிப் ஸ்டிக். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ, பால் டீ நிறத்தில் இருந்தாலோ சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) தண்ணீர் இருக்கிறது. நிறம் மாறவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. இன்ஜின் சுற்றாமல் இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்காது, அடியில் உட்கார்ந்திருக்கும். விவரம் தெரிந்தவர் டிரெய்ன் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விடுவார். தண்ணீர் இருந்தால் முதலில் வடிவது அதுதான். ஒரு பழைய வாட்டர் பாட்டிலில் பிடித்தால் எவ்வளவு ஏறியது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

அடுத்து பிளக்குகளின் மேலுள்ள இக்னிஷன் காயில்களை எடுத்து பிளக்குகளைக் கழற்றுவது. பெரும்பாலான சின்ன கார்களில் 16 மி.மீ. பிளக் சாக்கெட், சிலவற்றில் 14. பிளக் குழியில் தேங்கிய தண்ணீரையும் மண்ணையும் முதலில் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெளியே இருந்த சேற்றை நாமே சிலிண்டருக்குள் இறக்கியதாகிவிடும். அவசரக்காரர்கள் தவறவிடும் இடம் இது. நாலு பிளக்கும் வெளியே வந்த பிறகு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும், நீளமான பைப் போட்டு நெம்பக் கூடாது. தடையில்லாமல் சுற்றினால்தான் ஃப்யூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, ஐந்து ஐந்து விநாடியாகச் செல்ஃப். பிளக் துளைகளிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். கூடவே பெட்ரோல் ஆவியும் வரும், எனவே பீடியோடு பக்கத்தில் நிற்பவரை நகரச் சொல்லுங்கள். தண்ணீர் நின்றதும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சிரிஞ்சில் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் கையால் சுற்ற வேண்டும். ஈரம் பட்ட போர் (சிலிண்டரின் உட்சுவர்) ஓரிரு நாளிலேயே துருப்பிடிக்கும். பிஸ்டன் ரிங்குகள் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இதுவரை ஷெட்டுக்கு நல்ல மதிப்பெண். இனிமேல்தான் சறுக்கல்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு சார், எடுத்துட்டுப் போங்க." இந்த வாக்கியத்தோடு வேலையை முடிக்கும் ஷெட்டுகள்தான் அதிகம். வளைந்த ராடோடும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கில் லேசான ஆட்டத்தோடு ஓடும், சில வாரங்கள்கூட ஓடும். ராடு நேராக இல்லாததால் பிஸ்டன் போரின் ஒரு பக்கமாக உரசிக்கொண்டே போகும். ஒரு நாள் ஜி.என்.டி. ரோட்டில் கொஞ்சம் மிதிக்கும்போது ராடு உடைந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அப்போது யாரும் மழையை நினைக்க மாட்டார்கள். ஆகவே அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வேலை சின்னதுதான். பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய, வழுவழுப்பான கம்பியை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியரில் எடுப்பது. நாலும் ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலே அந்த ராடு சந்தேகத்துக்குரியது.

சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டாலே போதாதா என்று கேட்பார்கள். போதாது. ராடு 1 மி.மீ. குட்டையானால் பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கும், டீசலில் இருபதை நெருங்கும். சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீத வித்தியாசத்தை "நார்மல்" என்று விட்டுவிடும் பழக்கம் இருப்பதால், அரை மில்லிமீட்டர் வளைவு அந்தச் சலுகைக்குள் ஒளிந்துகொள்ளும். இன்னொரு ஏமாற்றமும் உண்டு: சிலிண்டரில் ஆயில் விட்ட கையோடு கேஜ் வைத்தால், ஆயில் ரிங்கை அடைத்துக்கொண்டு எல்லாச் சிலிண்டரும் பிரமாதமான எண் காட்டும். இன்ஜின் ஓடி, அந்த ஆயில் எரிந்த பிறகு எடுத்த அளவுதான் கணக்கு. நல்ல பெட்ரோல் இன்ஜினில் அது 150-க்கு மேல், 200 பிஎஸ்ஐக்குள் இருக்கும். டீசலுக்கு வேறு கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜை டீசலில் மாட்டும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். செல்போனில் மாட்டும் குட்டி போரோஸ்கோப் கேமரா இன்று ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. போரின் மேற்பகுதியில் கார்பன் வளையம் ஒரு சிலிண்டரில் மட்டும் அகலமாகத் தெரிந்தால், பிஸ்டன் பழைய உயரத்துக்கு ஏறவில்லை என்று அர்த்தம். இந்தக் கேமராவை வாங்கி வைத்திருக்கும் ஷெட்டுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

ராடு வளைந்தது உறுதியானால், "பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தர்றோம்" என்று சொல்லும் லேத்தும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ஒருமுறை வளைந்த இரும்பு அதே இடத்தில் மறுபடி வளையும். புது ராடு, புது ராடு போல்ட், புது பேரிங். போரில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் ஓவர்சைஸ் போர். அந்த வேலையை நம்மூர் லேத்துகள் அருமையாகச் செய்கின்றன, அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆயில் ஃப்ளஷ்ஷில் ஷெட்டுகள் செய்யும் பழைய தவறு, சம்ப்பில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓட்டுவது. ஏற்கெனவே தண்ணீர் பட்டு ஆயில் படலம் போன பேரிங்குகளுக்கு அது இரண்டாவது அடி. சரியான வழி செலவு கூடியது, ஆனால் சிக்கலில்லாதது: சாதாரண மினரல் ஆயில் 3 முதல் 3.5 லிட்டர், புது ஃபில்டர், ஐந்து பத்து நிமிடம் ஐடிலிங், இறக்கு. பால் நிறம் வந்தால் மறுபடி. நாலாவது முறை நல்ல ஆயில். ஆக மொத்தம் பத்து லிட்டர் மினரல் ஆயிலும் மூன்று ஃபில்டரும் பில்லில் வந்தால் சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு ஆயில் மாற்றலோடு பில் வந்தால் போடுங்கள். கியர்பாக்ஸை மறக்கும் கடைகளும் அதிகம். அதன் காற்றுப்போக்குத் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீர் இறங்கும். மேனுவல் என்றால் இரண்டு லிட்டர் சுமார் கியர் ஆயில், சுலபம். ஆட்டோமேட்டிக் ஆயில் ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் நிறத்தில் வந்தால் ஷெட்டில் கை வைக்க விடாதீர்கள். உள்ளே கிளட்ச் பிளேட்டின் லைனிங்கே உரிந்து வரும்.

டீசல், டர்போ கார்களுக்கு ஷெட்டின் மதிப்பெண் சட்டென்று இறங்குகிறது. பிளக்குக்குப் பதிலாகக் குளோ பிளக்கையோ (டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் பிளக்) இன்ஜெக்டரையோ எடுக்க வேண்டும். பல வருடம் அசையாத குளோ பிளக்கை ஆத்திரத்தில் திருகினால் பாதி ஹெட்டுக்குள் உடைந்து நிற்கும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாழ்வான இடத்தில் இருப்பதால் அதற்குள்ளும் கீழ்க்குழாயிலும் தண்ணீர் தேங்கியிருக்கும். சிலிண்டரைச் சுத்தம் செய்துவிட்டு அதை விட்டுவிட்டால், முதல் முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அத்தனை தண்ணீரும் உள்ளே போகும். "இன்டர்கூலர் ஹோஸ் கழற்றினீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும், கடையின் தரம் தெரிந்துவிடும். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீர் வடிகாலும் அப்படித்தான். பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் வேறு தொல்லை: எத்தனால் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் உட்காரும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கை முழுக்க வடிக்காமல் மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர், டார்க் ரெஞ்ச், அந்த மாடலின் மேனுவல், எல்லாம் உண்டு. இன்ஷூரன்ஸ் கேஷ்லெஸ்ஸும் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். ஆட்டோமேட்டிக், டர்போ டீசல், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ நனைந்த கார், ஹைப்ரிட், எலெக்ட்ரிக் எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் அங்கேயே போகலாம். ஆரஞ்சு நிற வயர் (உயர் மின்னழுத்தம் ஓடுவது) உள்ள வண்டியைத் தெருவில் யாரும் தொடக்கூடாது. குறை ஒன்றே, ஆனால் பெரிய குறை: வரிசை. டிசம்பர் மழைக்குப் பிறகு யார்டில் கார்கள் அடுக்கி நிற்கும். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்வரை இன்ஜினைத் தொட மாட்டோம் என்பார்கள். பத்து நாள் அப்படியே நின்றால், காப்பாற்றியிருக்கக்கூடிய இன்ஜின் துருப்பிடித்து, இன்ஜினின் கீழ்ப்பாதியான ஷார்ட் பிளாக்கையே மாற்றும் கட்டத்துக்குப் போய்விடும். வண்டியை விடும் அன்றே ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்: பேட்டரி துண்டிக்க, பிளக் கழற்ற, ஆயில் வடிக்க, சிலிண்டரில் ஆயில் விட, கார்பெட் எடுத்துக் காயவைக்க. எதுவும் பிரித்துப் போடும் வேலையல்ல. சர்வேயருக்கு மெயில் அனுப்பி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு செய்யலாம். இந்த ஐந்து வரியை மறுக்காமல் எழுதித்தரும் அட்வைசர் கிடைத்தால் 5-க்கு 4 கொடுக்கலாம். "பார்க்கலாம் சார்" என்றால் 2.

இன்ஷூரன்ஸ் பற்றி இரண்டு வரி. வெள்ளச் சேதம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே வரும். ஆனால் தண்ணீரோடு இன்ஜினைச் சுற்றியதால் வளைந்த ராடு 'தொடர் சேதம்' என்று தள்ளப்படும். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் தனியாக வேண்டும், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் இருந்தால் போதும் என்பது தவறான எண்ணம். ரிப்பேர் செலவு, பாலிசியில் குறித்துள்ள கார் மதிப்பான ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ்.

எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஏறும் தண்ணீரில் முகத்துவாரத்து உப்பு இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் கலந்து எண்ணூர் வரை பரவியது நினைவிருக்கும். எண்ணெய் பட்ட பெல்ட், ஹோஸ், ஏர் ஃபில்டரைக் காயவைத்து மாட்டக் கூடாது; ரப்பர் ஊறிவிடும், மாற்றத்தான் வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட கனெக்டரைக் காற்றடித்து மட்டும் விட்டால் உப்பு உள்ளேயே தங்கி, மறு மாதம் பின்னில் பச்சைக் களிம்பு பூக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் முதலில் அலசி, பிறகு கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுவதே முறை. பெட்ரோலில் பிரஷ் போட்டுத் தேய்க்கும் எலெக்ட்ரீஷியன்கள் இந்தப் பக்கம் நிறைய. கனெக்டரின் ரப்பர் சீல் அதில் வீணாகும். ஏர் ஃப்ளோ சென்சாரில் கம்ப்ரெசர் காற்றைப் பாய்ச்சுவதும் அதே ரகம். ஏர்பேக் வயரில் மல்டிமீட்டர் வைப்பவரை உடனே தடுத்துவிடுங்கள்.

இன்ஜினே போய்விட்டது, புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் எடுத்து மாட்டலாம் என்று ஷெட்டில் யோசனை சொல்வார்கள். செலவு குறையும், உண்மைதான். ஆனால் அந்த இன்ஜினும் வெள்ளத்தில் முழுகிய காரிலிருந்து வந்திருக்கலாம். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற பிசுக்கு, ஆல்டர்னேட்டர் துளைகளுக்குள் வண்டல், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் ஓரத்தில் காய்ந்த சேற்றுக்கோடு, இந்த மூன்றையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் நம்பர் மாறும் என்பதால் விற்றவரின் பில்லோடு ஆர்.டி.ஓ. போய் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதை ஷெட்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டவர்கள் கார் விற்கும் நாளில்தான் முழிப்பார்கள்.

வண்டி கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை மறுபடி இறக்கச் சொல்லி, கூடவே இருந்து பாருங்கள். பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே உள்ள மடிப்புப் பேப்பரை வெள்ளைத் துணியில் பிழிந்தால், பேரிங் தேய்ந்திருந்தால் மினுமினுப்பான தூள் தெரியும். துணியில் கறுப்பு மட்டும் படிந்தால் அடுத்த ஆயில் மாற்றலை வழக்கமான கிலோமீட்டருக்கே வைத்துக்கொள்ளலாம்.